தாதர் புறாக்களும் ஐந்நூறு ரூபாய் அபராதமும்

புறாக்களுக்கு இரை போடும் இடமான தாதர் கபூத்தர்கானாவை மூடச் சொன்னது மும்பை உயர் நீதிமன்றம்தான் என்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். உண்மை அதுவல்ல. மூடியது மாநகராட்சி. மூடச் சொன்னது மாநில அரசு. அதற்குத் தடை கேட்டவர்களுக்குத் தடை தர மறுத்தது நீதிமன்றம். 2025 ஆகஸ்டில் நீதிபதிகளே இதைத் தெளிவுபடுத்தினார்கள். ஆனால் அதற்குள் தெருவில் கைகலப்பே நடந்து முடிந்திருந்தது.

தாதர் மேற்கில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், சாலைகள் கூடும் இடத்தில் கம்பிவேலி போட்ட வட்டத் திட்டுதான் இந்தக் கபூத்தர்கானா. 1933-ல் நீரூற்றாகக் கட்டியது. நகரின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருப்பது. பக்கத்தில் ஜைனக் கோயில். நடைபாதையில் சோளமும் கடலையும் விற்பவர்கள். வாங்கி அங்கேயே புறாக்களுக்கு இறைத்துவிட்டுப் போனால் புண்ணியம். ஜைனர்களும் குஜராத்திகளும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் ஜீவதயை இது.

புறா எச்சத்தால் நுரையீரல் கெடுகிறது என்று 2025 ஜூலை 3 அன்று சட்டமேலவையில் பேச்சு வந்தது. மும்பையில் 51 கபூத்தர்கானாக்கள் இருக்கின்றன, அவற்றை மூட மாநகராட்சிக்குச் சொல்கிறோம் என்று அமைச்சர் உதய் சாமந்த் அறிவித்தார். பறவை ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். பழைய கட்டடங்களை இடிக்காதீர்கள் என்ற நீதிமன்றம், இரை போடும் உரிமையைத் திருப்பித் தரவில்லை. ஜூலை 30 அன்று ஒரு படி மேலே போய், தடையை மீறி இரை போடுவோர் மீது எஃப்.ஐ.ஆர். போடச் சொன்னது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் மாநகராட்சி மூங்கில் கட்டித் தார்ப்பாய் போட்டது. 6-ஆம் தேதி கூட்டம் கூடி அதைக் கிழித்தெறிந்தது. மறுவாரம் தடைக்கு ஆதரவாக மராத்தி அமைப்பு ஒன்று அதே இடத்தில் திரண்டது. நுரையீரல் விவகாரம் பத்தே நாளில் மத, மொழி விவகாரமாகிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கேயும் தலையிட மறுத்துவிட்டார்கள்.

சரி, நுரையீரலுக்கு என்ன ஆகிறது? புறா எச்சம் காய்ந்து தூளாகிறது. அதிலும் இறகுத் தூசியிலும் உள்ள புரதங்களை நாள்தோறும் சுவாசிக்கும் சிலருக்கு உடலின் எதிர்ப்பு சக்தியே நுரையீரலுக்கு எதிராகத் திரும்புகிறது. ‘ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனிட்டிஸ்’ என்பது இதன் பெயர். இது கிருமித் தொற்று அல்ல, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவதும் இல்லை. வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சிரைப்பு என்று தொடங்குவதால் ஆஸ்துமா என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நுரையீரல் தழும்பேறிப்போனால் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்தில்லை. எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகள் வேறு. அந்த வழியாகப் பூ வாங்கப் போகிறவருக்குப் பெரிதாக ஆபத்தில்லை. ஜன்னல் ஏசி பெட்டியின் மேல் புறா குடித்தனம் நடத்தும் வீட்டுக்காரருக்குத்தான் ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது? மும்பை மாநகராட்சியின் 2006-ஆம் ஆண்டுத் துப்புரவு துணைவிதிகளின்படி, அனுமதிக்காத பொது இடத்தில் பறவைக்கோ விலங்குக்கோ உணவு போட்டால் 500 ரூபாய் அபராதம். ஏறக்குறைய இருபது வருடமாக இந்த விதி ஏட்டில் இருந்தது. கபூத்தர்கானாக்களோ ஜேஜே என்று நடந்தன. எஃப்.ஐ.ஆர். என்றால் பாரதிய நியாய சன்ஹிதா வருகிறது: பொதுத்தொல்லை, நோய் பரவ ஏதுவான அலட்சியம், அரசு ஆணையை மீறுதல். மாஹிமில் இரை போட்டுப் பிடிபட்ட ஒருவருக்கு டிசம்பரில் பாந்திரா நீதிமன்றம் 5,000 ரூபாய் அபராதம் போட்டது. விதி செத்துப்போகவில்லை என்று ஊருக்குத் தெரிந்தது அப்போதுதான்.

இந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். போட்ட விதத்தை ஆதரிக்க முடியவில்லை. ஒரு புறா நாளைக்குத் தின்பது சுமார் 30 கிராம் தானியம். தேடாமல் கிடைக்கிற ஊரில் அது பருவம் பார்க்காமல் வருடம் முழுக்க முட்டையிடும். எனவே எத்தனை புறா என்பதை முடிவுசெய்வது தானிய மூட்டைதான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் இதைக் கஷ்டப்பட்டுக் கற்றது. 1961 முதல் கால் நூற்றாண்டில் சுமார் ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். எண்ணிக்கை இருபதாயிரத்தை விட்டு இறங்கவில்லை. 1988-ல் வழியை மாற்றி, இரை போடுவதால் புறாக்களே நெரிசலிலும் நோயிலும் வாடுகின்றன என்று வீடுவீடாக எடுத்துச் சொன்னார்கள். கண்காணிப்புள்ள கூடுகள் வைத்து முட்டைகளை எடுத்தார்கள். நாலு வருடத்தில் பாதியானது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலும் முதலில் தீனி விற்பனையை நிறுத்தினார்கள். இரை போடவே தடை வந்தது 2003-ல்தான். தாதரில் ஒரே இரவில் தார்ப்பாய். பசித்த புறாக்கள் பக்கத்துக் கட்டடங்களின் கைப்பிடிச் சுவர்களில் உட்கார்ந்தன. வலை கட்டித் தருகிறவர்களுக்கு நல்ல வியாபாரம்.

பின்பு மாநகராட்சி இறங்கிவந்தது. அதற்கும் முதலில் மக்களின் ஆட்சேபங்களைக் கேளுங்கள் என்று நீதிமன்றம் குட்ட வேண்டியிருந்தது. அக்டோபர் கடைசியில் இடைக்கால ஏற்பாடாக இரை போட நாலு இடங்கள் அறிவித்தார்கள்: வொர்லி நீர்த்தேக்கம், அந்தேரி லோகண்ட்வாலாவின் பின்புறம், முலுண்ட்–ஐரோலி சுங்கச்சாவடிப் பக்கம், போரிவலி கோராய் மைதானம். காலை 7 முதல் 9 மணி வரை மட்டும். சுத்தம் பார்க்கத் தொண்டு அமைப்பு பொறுப்பேற்க வேண்டும். பட்டியலில் தாதர் இல்லை.

நம் தமிழர்கள் கேட்கும் கேள்வி வேறு: அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கலாமா? துணைவிதி பேசுவது பொது இடத்தைப் பற்றி. சொந்த பால்கனியில் ஒரு கவளம் வைத்து, காக்கை கொத்தி முடித்ததும் துடைத்துவிட்டால் கேட்பாரில்லை. சிந்தியது கீழ்வீட்டு ஜன்னலில் விழுந்து, அதைத் தேடிப் புறா வந்தால் அது சிவில் வழக்காகும். வொர்லியில் ஒரு குடியிருப்பில் அப்படித்தான் கீழ்வீட்டார் வழக்குப் போட்டு, மேல்வீட்டார் பால்கனியில் இரை வைக்கத் தடை வாங்கினார்கள். அதனால் சோற்றைத் தட்டோடு வையுங்கள், விளிம்புச் சுவரில் கொட்டாதீர்கள்.