கையால் கோத்த நினைவகம்

மனிதரை நிலாவில் இறக்கிய அப்பல்லோ கலத்தின் கணினி நிரலை எதில் பதித்திருந்தார்கள், தெரியுமா? செம்புக் கம்பியில்! அதைக் கையால் கோத்துக் கொடுத்தவர்கள் பெண்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்று ஓர் ஊர். அங்கே ரேதியான் நிறுவனத்தின் தொழிற்சாலை. வேலைக்கு வந்த பெண்களில் பலர் துணி ஆலையிலும் கடிகாரத் தொழிலிலும் கை பழகியவர்கள். எதிரே வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டிக் காந்த வளையங்கள். கம்பி ஒரு வளையத்துக்குள் நுழைந்து போனால் அது ஒன்று. நுழையாமல் பக்கத்தில் போனால் பூஜ்யம். அவ்வளவுதான் கணக்கு! ஆனால் ஒரே ஒரு கம்பி தடம் மாறினாலும் நிரலே தப்பாகிவிடும். எவ்வளவு நிதானம் வேண்டும், பாருங்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாமலே போனது பெரிய வருத்தம்தான்.

அவர்கள் கோத்த நிரல் மின்சாரம் போனாலும் அழியாது. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் தாக்கியது. கலத்தின் கருவிகள் பலவும் தடுமாறின. கம்பியில் கோத்த நிரல் மட்டும் அப்படியே இருந்தது!