7,000 மணிநேரம் பறந்தவருக்கு ஓர் இருக்கை

அமெரிக்காவின் டென்வர் நகரில் கடை ஒன்றில் வேலை பார்த்த எமிலி, விமானப் பணிப்பெண் ஆகலாம் என்று நினைத்திருந்தார். அந்த வேலை ஒத்துவருமா என்று பார்க்கவே 1950களின் இறுதியில் முதன்முதலாக விமானம் ஏறினார். திரும்பும்போது விமானிகளின் அறைக்குள் போய்ப் பார்க்க அனுமதி கிடைத்தது. பெண்களும் ஓட்டக் கற்கலாமா என்று கேட்டார். பயிற்சியில் சேரச் சொன்னார் விமானி. வாரச் சம்பளம் 38 டாலர். அதில் ஏறக்குறைய 13 டாலர் பயிற்சிக்கே போனது.

விமானிக்குப் பறந்த மணிநேரமே பெரிய சொத்து. ஒவ்வொரு பயணமும் பதிவேட்டில் ஏறும். வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் அதைத்தான் புரட்டுவார்கள். உரிமம் பெற்ற கையோடு பெரிய விமானத்தில் இடம் கிடைக்காது என்பதால், பலர் பயிற்றுநராகச் சேர்ந்து மணிநேரம் சேர்ப்பார்கள். எமிலியும் அப்படித்தான் செய்தார். சேர்ந்தது சிறிய கணக்கல்ல, 7,000 மணிநேரம். அதில் ஒரு பகுதியே சேர்த்திருந்த ஆண்கள், அவரிடமே கற்றவர்கள் உட்பட, விமான நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவருடைய விண்ணப்பங்களோ ஆண்டுக்கணக்கில் கிடப்பில் இருந்தன. திறமைக்குச் சாட்சி அந்தப் பதிவேட்டிலேயே இருந்தும் இப்படி. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

1973 ஜனவரியில் ஃபிரான்டியர் ஏர்லைன்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே டென்வரிலிருந்து லாஸ் வேகாஸுக்குப் பறந்த போயிங் 737 விமானத்தில் விமானிகளில் ஒருவராக அமர்ந்தார். 1976இல் கேப்டன். 1986இல் இரு விமானிகளும் பெண்களாகவே இருந்த பயணத்துக்குத் தலைமை தாங்கினார். அவருடைய சீருடை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருமணத்துக்குப் பின் எமிலி ஹவல் வார்னர் எனப்பட்ட அவர் 2020இல் காலமானார்.

இந்தியாவில் கதவு இன்னும் முன்னதாகவே திறந்தது. 1966இல் துர்பா பானர்ஜி இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியானார். இன்று நம் நாட்டு விமானிகளில் பத்துக்கு ஒருவருக்கு மேல் பெண்கள். அமெரிக்காவில் அந்த அளவு இல்லை.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இந்த ஆசை இருந்தால் சில விவரங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படிப்பது வழக்கமான பாதை. மாணவர் விமானி உரிமத்துக்கு 16 வயது, வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிரம்ப வேண்டும். பின்னதற்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். கண்ணாடி போட்டிருந்தால் முடியாது என்று பலர் சொல்லித் தடுக்கிறார்கள். அது தவறு: கண்ணாடியால் பார்வை சரியாகிறது என்றால் தடையில்லை. செலவு பல லட்சம் ஆகும் என்பது உண்மை. ஆகவே பணம் கட்டும் முன்பே மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.