முதல் ஆசையை முதலில் எழுதுங்கள்

ஜூன் பிறந்தால் என் கைப்பேசிக்கு ஓய்வில்லை. என்னிடம் பிளஸ் டூ கணக்குப் படித்த பிள்ளைகளின் அப்பாக்கள்தான் பேசுவார்கள். "டீச்சர், சாய்ஸ் லிஸ்ட்ல மேல ஐஐடி மெட்ராஸைப் போட்டு, அது கிடைக்காமப் போனா, கீழ போட்ட திருச்சி என்ஐடியும் கைநழுவிடாதா?"

நழுவாது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நிரூபித்த தேற்றம் இது.

இத்தகைய தேற்றங்களை உண்மையான விண்ணப்பதாரர்கள்மேல் ஓட்டிப் பார்ப்பவர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடுகிறார்கள். ஏ.சி.எம். என்ற கணினி அறிஞர் சங்கம் 1999-இல் டென்வர் நகரில் மின்வணிக மாநாடாகத் தொடங்கிய கூட்டம் அது; 2014 முதல் 'பொருளியலும் கணிப்பும்' என்ற பெயரில் நடக்கிறது. தேடுபொறி விளம்பர ஏலம், சிறுநீரகப் பரிமாற்றம் என்று பலவும் அங்கே பேசுபொருள். 2007 கூட்டத்தில், பத்தாயிரம் நோயாளிகள் இருந்தாலும் யாருடைய சிறுநீரகத்தை யாருக்கு மாற்றலாம் என்று கணக்கிடும் வழியை மூவர் காட்டினார்கள். 2019-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கூடியபோது பட்டியலில் நம் ஊர் விஷயமே இருந்தது. 2015 முதல் நடைமுறையில் உள்ள ஐஐடி, என்ஐடி கூட்டுச் சேர்க்கையை வடிவமைத்த சுரேந்தர் பாஸ்வானா, யஷோதன் கனோரியா உள்ளிட்ட ஐவரின் ஆய்வு அது.

அந்தச் சேர்க்கை முறையின் வேர், 1962-இல் கேல், ஷேப்லி இருவரும் எழுதிய சிறிய கட்டுரை. மாணவர் ஒவ்வொருவரின் பெயரிலும் கணினி அவருடைய முதல் விருப்பத்துக்கு விண்ணப்பிக்கிறது. கல்லூரி 'சரி' என்று சொல்லிவிடாது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் 'கலந்து பேசிச் சொல்றோம்' என்பதுபோல, தரவரிசையில் மேலே உள்ளவர்களை இருக்கும் இடங்களுக்குத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, மற்றவர்களைத் திருப்பி அனுப்பும். திரும்பியவர் பட்டியலில் அடுத்த இடத்தைத் தட்டுவார். அங்கே ஏற்கெனவே ஆள் நிற்கலாம். ஆனால் இவர் தரவரிசையில் முந்தியவரானால் நிற்பவர் வெளியே, இவர் உள்ளே. திருச்சியை ஏழாவதாக எழுதியவருக்கும் முதலாவதாக எழுதியவருக்கும் திருச்சியின் கண்ணில் வித்தியாசம் கிடையாது. தரவரிசை மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே விருப்பத்தை மாற்றி எழுதி யாரும் லாபம் பார்க்க முடியாது என்று 1980-களின் தொடக்கத்தில் நிரூபித்தார்கள். ஷேப்லியும், இதே துறையைச் சேர்ந்த ராத்தும் 2012-இல் நோபல் வாங்கினார்கள்.

அப்பாக்களின் பயம் அசட்டுத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். வேறொரு விதிக்கு அது மிகச் சரியான பயம். பாஸ்டன் நகரப் பள்ளிகளில் 2005 வரை முதல் விருப்பமாக எழுதியவர்களைக் கொண்டே இடங்களை முதலில் நிரப்பினார்கள். அது தவறினால் இரண்டாவது பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். பெற்றோர் கூடிக் கூடி, எந்தப் பள்ளியை மேலே எழுதுவது புத்திசாலித்தனம் என்று திட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டங்களுக்குப் போக நேரமோ பழக்கமோ இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஏமாந்தார்கள். சூது தெரிந்தவருக்குச் சாதகமான விதி, என்னைக் கேட்டால், கெட்ட விதி.

நம் ஊரில் சிக்கல் வேறு விதம். ஐஐடிக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வின் தரவரிசை, என்ஐடிக்கு ஜேஇஇ மெயின் தேர்வின் தரவரிசை. என்ஐடிகளில் பாதி இடம் சொந்த மாநிலத்தவருக்கு. இவற்றின்மேல் இடஒதுக்கீடு. ஓபிசி இடம் நிரம்பாவிட்டால் பொதுப் பிரிவுக்குப் போகலாம், எஸ்சி, எஸ்டி இடங்கள் அப்படிப் போகக்கூடாது. ஐவர் குழு இதற்கு எளிய வழி கண்டது: மூல நிரலைத் தொடாமல், மீந்த இடங்களைப் பொதுப் பிரிவில் கூட்டி, முழு ஒதுக்கீட்டையும் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓட்டுவது. 2015-க்கு முன்பு ஐஐடியும் என்ஐடியும் தனித்தனியே சேர்த்ததால், ஒரே மாணவர் இரண்டு இடங்களைப் பிடித்து ஒன்றைக் கடைசி நேரத்தில் கைவிடுவார். கூட்டுச் சேர்க்கையில் அந்த விரயம் குறைந்தது.

தேற்றம் காப்பாற்றாத இடங்களும் உண்டு. நியூயார்க் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் பன்னிரண்டு பெயர்கள்தான் எழுதலாம் என்ற வரம்பு இருந்தது. அப்போது, எது கிடைக்கும் என்ற ஊகம் மறுபடி தலைகாட்டும். ஜோசா எனப்படும் நம் கூட்டுச் சேர்க்கையின் பட்டியலுக்கு அந்த வரம்பு இல்லை, அதனால் அறுபது, எழுபது என்று தாராளமாக எழுதச் சொல்கிறேன். இடம் வந்தபின் ஒரு பொத்தானில் மட்டும் கவனம் வேண்டும். 'ஃப்ரீஸ்' கொடுத்துவிட்டால், அடுத்த சுற்றில் மேலே இருப்பது காலியானாலும் உங்களுக்கு வராது. இன்னும் ஆசை இருந்தால் 'ஃப்ளோட்', அதே கல்லூரியில் வேறு பிரிவு போதுமென்றால் 'ஸ்லைடு'.