இத்தாலியின் பண்டை மொழிகள்

கி.மு. 500ஆம் ஆண்டளவில் இலத்தீன் ஒரு சிறுமொழியே. டைபர் ஆறு கடலொடு கலக்கும் பகுதியை அடுத்த இலாத்தியம் என்னும் நிலத்தாரே அதனைப் பேசினர். வடகிழக்கே மலைநாட்டில் உம்பிரிய மொழியும், தெற்கே பரந்த நிலப்பகுதியில் ஆஸ்க மொழியும் வழங்கின. வடமேற்கே வாழ்ந்த எத்துருஸ்கர் மொழியோ நிலத்தால் அண்மையது. பிறப்பால் இவற்றோடு உறவில்லாதது.

இலத்தீன், உம்பிரியம், ஆஸ்கம் ஆகிய மூன்றும் வடமொழியையும் கிரேக்கத்தையும் போல இந்து-ஐரோப்பிய மூலமொழியினின்றும் கிளைத்தவை. அம்மூலமொழியை எழுதி வைத்தார் ஒருவரும் இலர். கிளைமொழிச் சொற்களை ஒப்புநோக்கியே அறிஞர் அதனை உய்த்துணர்ந்தனர்.

அஃது எவ்வாறு இயலும் எனின், ஒலித்திரிபு நெறிப்பட நிகழ்வதாலாம். நம் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு', 'புலி' 'ஹுலி', 'பல்' 'ஹல்லு'. தமிழும் கன்னடமும் வேறு குடும்பத்தனவாயினும் நெறி ஒன்றே. மூலமொழியில் சொன்முதல் நின்ற பகர வருக்கத்து நான்காம் எழுத்து, இத்தாலியக் கிளை முழுவதிலும், நம் வகரம் பிறக்குமிடத்துப் பிறக்கும் 'ஃப' ஆயிற்று. உடன்பிறந்தான் வடமொழியில் 'பிராதா', இலத்தீனில் 'ஃபிராதேர்'. கூபியோ என்னும் ஊரில் கிடைத்த 7 வெண்கலத் தகடுகளில் உம்பிரியப் பூசகர் குழுவினர் தம்மை உடன்பிறந்தார் எனக் குறிக்கும் சொல்லும் இதுவே.

இனி, இவை பிரியுமிடம் காண்க. 'யார்' என்பது இலத்தீனில் 'க்விஸ்', ஆஸ்கத்தில் 'பிஸ்'. 'நான்கு' இலத்தீனில் 'க்வத்துவோர்', ஆஸ்கத்தில் 'பெத்தோரா'. இலத்தீன் 'க்வ' நின்றவிடத்து ஆஸ்கமும் உம்பிரியமும் பகரம் பெறும். வடமொழி 'மத்ய' என்பதற்கு நேரான இலத்தீன் சொல் 'மெதியுஸ்'. 'நடுவில்' என்னும் ஆஸ்கச் சொல்லோ 'மெஃபியாய்'. மேலோடு நோக்குவார் இவற்றை ஒரு வேர்ச்சொல் என்று நம்பார்.

இவை ஒருதாய் மக்கள் என்பது பெரும்பாலோர் கொள்கை. வேறாக வந்து, அருகருகே நெடுநாள் வாழ்ந்தமையால் ஒத்தன என்பாரும் உளர். 'ஃப' முதலிய திரிபுகள் பொதுவாய் நிற்றலின் முன்னதே வலியுடைத்து.

கி.மு. 91இல் இத்தாலிய நட்பினத்தார் உரோமுக்கு எதிராக வாளெடுத்தனர். உரோமின் சின்னமாகிய ஓநாயை எருது முட்டித் தள்ளும் உருவத்தை ஆஸ்க எழுத்துடன் நாணயத்தில் பொறித்தனர். குடியுரிமை பெற்றனர், மொழியை இழந்தனர். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரின் சுவர்களில் ஆஸ்க எழுத்துகள் இன்றும் காணப்படுகின்றன.

ஆயினும் ஒரு சொல் தப்பிப் பிழைத்தது. வடமொழி 'கோ' என்பதன் முதலெழுத்து மூலமொழியில் வகரம் கலந்த ஒலி. அவ்வொலி இலத்தீனில் வகரமாகும். ஆஸ்கத்தில் பகர வருக்கத்து மூன்றாம் எழுத்தாகும். 'உயிருள்ள' என்பது இலத்தீனில் 'வீவுஸ்'. ஆஸ்கப் பன்மையில் 'பிவுஸ்'. இந்நெறிப்படி இலத்தீனில் எருது 'வோஸ்' எனப்படுதல் வேண்டும். உரோமரோ 'போஸ்' என்றனர். அப்பகரம் மலைநாட்டு அயலார் தந்தது.