கிணறு கெடுமுன் கேட்க வேண்டிய கேள்வி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் கீழ் தேங்கி நிற்கும் மழைநீரே மானிப்பாயில் எமக்குக் குடிநீர், தோட்டத்துக்கும் அதுவே. ஆகவேதான், சில மைல்களுக்கு அப்பால் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளது என்ற செய்தி 2014ஆம் ஆண்டளவில் பரவியபோது, அயலூர்களையும் அச்சம் பற்றிக்கொண்டது. அங்கு எண்ணெயை எரித்தே மின்சாரம் பிறப்பித்து வந்தார்கள். பாதிக்கப்பட்ட மக்களுக்குத் தனியார் மின் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் என உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. நீதி வந்தது; ஆனால் கிணறு கெட்ட பின்னரே வந்தது.

எண்ணெய்க்கு மாற்று உண்டா? உண்டு. எமது கரையோரங்களில் வைகாசி தொடக்கம் சோளகமும், மார்கழி, தை மாதங்களில் வாடையும் வீசுகின்றன. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். தடையின்றிக் காற்று வரும் கடற்கரையைக் காற்றாலை கட்டுவோர் நாடுவது இதனாலேயே. பளையில் அமைந்த தனியார் காற்றாலைகள் 2014இல் மின்சார சபைக்கு மின்சாரம் விற்கத் தொடங்கின. மன்னார் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் மின்சார சபை தனது சொந்தக் காற்றாலைத் தொகுதியான ‘தம்பபவனி’யைத் திறந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் எழுந்த 30 காற்றாலைகள் அவை. மொத்த வலு 103.5 மெகாவாற்று. காற்று ஓய்ந்தால் உற்பத்தியும் ஓயும் என்பது மெய்தான். எனினும் அவை சுழலும் நேரமெல்லாம் அந்த அளவுக்கு எண்ணெயோ நிலக்கரியோ மிச்சமாகிறது.

அப்படியாயின் மன்னார் மக்கள் ஏன் முகம் சுளிக்கின்றனர்? காற்றாலைகளுக்குப் போட்ட வீதிகள் மழைவெள்ளம் கடலுக்கு வடிவதைத் தடுக்கின்றன என்கிறார்கள். கரையோரத்தில் மீன்பாடு குறைந்துவிட்டது என்பது மீனவர்களின் முறைப்பாடு. கடல் கடந்து வரும் பறவைகள் தங்கிச் செல்லும் தீவு என்பதால் இயற்கை ஆர்வலர்களும் கவலைப்படுகின்றனர். 2025 ஓகஸ்ட்டில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கினர். மதகுருமாரும் அவர்களோடு நின்றனர். பணிகளை ஒரு மாத காலத்துக்கு அரசு நிறுத்திவைத்தது.

இதனை அபிவிருத்திக்கு எதிரான குரல் என்று ஒதுக்கிவிடலாமா? நாம் காற்றாலையின் எதிரிகள் அல்லர். எண்ணெய் கலந்த நீரைக் கண்டவர்கள் நாம். காற்றின் அருமை எமக்குத் தெரியும். அதேவேளை, அந்த மின்சாரம் நாடு முழுவதற்கும் செல்ல, அதன் சுமை மட்டும் ஒரு தீவின் மீது தங்கிவிடக் கூடாது. வெள்ளம் வடியும் வழி எது, வலை இழுக்கும் கரை எது என்பதை அங்கு வாழ்பவரே நன்கறிவர். அத்திவாரம் வெட்டுமுன் அவர்களோடு அமர்ந்து பேசுவதும், ஆய்வு அறிக்கைகளை அவர்களது மொழியில் அவர்கள் கையில் கொடுப்பதும், வருமானத்தில் ஒரு பங்கை அந்தக் கிராமங்களுக்கே ஒதுக்குவதும் சலுகைகள் அல்ல, கடமைகள்.

நாளை எமது கரையிலும் காற்றாலை எழலாம். அன்று எதைக் கேட்க வேண்டும் என்பதை எமது மாதர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இன்றே கூடிப் பேசட்டும். கிணறு கெட்ட பின் கேட்பதிலும் பார்க்க, கெடுமுன் கேட்பது நன்று.