முடிவு தெரிந்த கதையில் எங்கிருந்து வருகிறது பரபரப்பு?

காதல் நாவல் என்றாலே நம் இளையர்களில் பலர் முகம் சுளிப்பதுண்டு. “கடைசியில் இருவரும் சேரத்தானே போகிறார்கள், பிறகு எதற்குப் படிக்க வேண்டும்?” என்று என் வகுப்புத் தோழர்களே கேட்கிறார்கள். காதலோடு மர்மமும் கலந்த கதை என்றால், சேரப்போகும் இருவருக்கும் உயிராபத்து இல்லை என்பதும் முன்பே தெரிந்துவிடும். அப்படியானால் பரபரப்பு எங்கிருந்து வருகிறது?

நோரா ராபர்ட்ஸ் எழுதிய ‘ஃபார் தி லவ் ஆஃப் லைலா’ நாவலில் எனக்கு விடை கிடைத்தது.

1991ஆம் ஆண்டில் வெளிவந்த கல்ஹூன் சகோதரிகள் வரிசையில் இது மூன்றாவது நூல். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்னும் கடலோர ஊரில், பழைய மாளிகை ஒன்றில் நான்கு சகோதரிகள் அத்தை கோக்கோவுடன் வாழ்கிறார்கள். மாளிகையைக் காப்பாற்றப் போதிய பணமில்லை. 1913ஆம் ஆண்டில் இறந்த கொள்ளுப்பாட்டி பியாங்காவின் மரகத மாலையும் எங்கிருக்கிறது என்று தெரியவில்லை. செய்தி பரவியதும் திருடன் ஒருவனும் அதைத் தேடுகிறான்.

அவன் யாரென்று அறியாமல், அவனது படகில் பழைய ஆவணங்களை ஆராய்கிறார் வரலாற்றுப் பேராசிரியர் மேக்ஸ். அவை திருட்டு ஆவணங்கள் எனத் தெரிந்ததும் கடலில் குதித்துத் தப்புகிறார். அலையில் தத்தளிக்கும் அவரைக் கரைசேர்ப்பவர் லைலா, தேசியப் பூங்காவில் பணிபுரியும் சகோதரி. இங்கே காப்பாற்றுவது நாயகி, காப்பாற்றப்படுவது நாயகன்!

மேக்ஸ் பிழைத்துக்கொள்வார் என்று நமக்குத் தெரியும். ஆனால், திருடனிடம் சம்பளம் வாங்கிய ஒருவரை இந்தக் குடும்பம் நம்பி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுமா? அந்தக் கேள்விதான் என்னைப் பக்கம் புரட்ட வைத்தது. காதலுக்கு வெற்றி நிச்சயம். நம்பிக்கைக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை.

குடும்பத் தொடரின் பலமும் இதுவே. ஒவ்வொரு நூலிலும் ஒரு சகோதரியின் காதல் நிறைவடைகிறது. மாலையைப் பற்றிய மர்மமோ நான்காம் நூல்வரை நீள்கிறது. ஒரு கதை முடிந்த நிறைவும், இன்னொன்று முடியாத தவிப்பும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன.

1996இல் வந்த ஐந்தாம் நூல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மூத்த சகோதரி சுசன்னாவின் முன்னாள் கணவருக்குப் பிறந்த மகனுடன் மேகன் என்ற பெண் அந்த வீட்டுக்கு வருகிறார். அவர்களையும் உறவாக ஏற்பதுதான் அங்கே சோதனை.

குறைகளும் உண்டு. வில்லன் பேராசையைத் தவிர வேறு குணமில்லாதவன். சகோதரிகளை வருணிக்கும்போதெல்லாம் அழகு சற்று அதிகமாகவே பேசப்படுகிறது.

ஆனாலும், சிறுகதை எழுத விரும்பும் மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பாத்திரத்தைத் துப்பாக்கி முனையில் நிறுத்தினால்தான் வாசகர் பதறுவார் என்றில்லை. சாப்பாட்டு மேசையில் தனக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்று அதைக் காத்திருக்க வைத்தாலே போதும். வரிசையை முதல் நூலிலிருந்தே தொடங்குங்கள்; மாலை எங்கே இருந்தது என்பதை நான் சொல்லப்போவதில்லை.