புழற்கோட்டம், மண்டலம் 3

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திருவொற்றியூர்க் கோயிலில் அணையா விளக்கு எரிக்க ஒருவர் ஆடுகளைக் கொடையாக விட்டால், அதைக் கல்லில் வெட்டியவர்கள் அந்த ஊரைப் புழற்கோட்டத்தில் உள்ள ஊர் என்றே குறித்தார்கள். கடலோரம் இருந்த புகழ்பெற்ற சிவத்தலத்துக்கே புழலைச் சொல்லித்தான் அடையாளம். இன்று அந்தப் புழல், பெருநகர சென்னை மாநகராட்சியின் மூன்றாவது மண்டலமான மாதவரத்துக்குள் ஒரு மூலை. மண்டலத்தின் பெயரில்கூடப் புழல் இல்லை.

ஊர்கள் தேய்வதும் வளர்வதும் புதிதல்ல. ஆனால் புழலின் கதையில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அந்த ஏரியின் தண்ணீர் ஊரைவிட்டுச் சென்னைக்குப் போனபோது, ஊரைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் பின்னாலேயே போய்விட்டது.

வடக்கே கொசஸ்தலை ஆறு, தெற்கே கூவம். இரண்டுக்கும் நடுவே கிழக்கு நோக்கி மெல்லச் சரியும் சமவெளியில் இருக்கிறது புழல். ஆந்திரா போகும் ஜி.என்.டி. சாலை ஊரை ஊடறுத்துச் செல்கிறது. சாலையின் மேற்கே ஏரிக்கரை. கொஞ்சம் வடக்கே போனால் செம்மண் மேடுகளால் பெயர் பெற்ற செங்குன்றம். அரிசி ஆலைகளும் நெல் மண்டிகளும் நிறைந்த அந்தச் செங்குன்றத்தை அரசுப் பதிவேட்டில் தேடினால் நாரவாரிக்குப்பம் பேரூராட்சி என்றுதான் கிடைக்கும். மேடும் பள்ளமும் பெரிதாக இல்லாத இந்த நிலத்தில் மழைநீரைத் தேக்க நீளமாகக் கரை கட்டினால் போதும். தொண்டை மண்டலம் முழுக்க ஏரிகளின் நாடானது அப்படித்தான்.

தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பகுத்திருந்தார்கள். கோட்டத்துக்குள் நாடுகள், நாட்டுக்குள் ஊர்கள். அந்த 24-இல் ஒன்று புழற்கோட்டம். அதற்கும் முன்னால் குறும்பர்கள் இங்கே கோட்டை கட்டி ஆண்டார்கள் என்றும், தொண்டைமான் அவர்களை வென்றான் என்றும் வழிவழியாக ஒரு கதை உண்டு. கர்னல் காலின் மெக்கன்சியின் ஆட்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வட்டாரத்தில் திரட்டிய சுவடிகளிலும் அது பதிவாகியிருக்கிறது. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் உள்ள வெள்ளெருக்குத் தூண்களைக் காட்டி, புழல் கோட்டையை வென்று கொண்டுவந்தவை என்று இன்றும் சொல்கிறார்கள். கோட்டைக்குச் சான்றாகக் கண்முன் நிற்கும் மதில் எதுவும் இல்லை. ஆதிநாதர் சமணக் கோயிலும் திருமூலநாதர் கோயிலும் ஊரின் பழமைக்குச் சாட்சியாக மிஞ்சியிருக்கின்றன.

இதே தொண்டை மண்டலத்தில், காளியூர்க் கோட்டத்து உத்திரமேரூரில்தான் கி.பி. 919-லும் 921-லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஊராட்சி விதிகளைச் சொல்கின்றன. 30 குடும்புகள் எனும் வார்டுகள், குடவோலை முறையில் தேர்வு, ஓராண்டுப் பதவி. வாரியங்களில் ஒன்று ஏரிக்கென்றே தனியாக இருந்த ஏரி வாரியம். அந்தச் சபையை மக்களாட்சி என்று கொண்டாடுபவர்களோடு நான் உடன்படவில்லை. அது பிராமண ஊரின் சபை, நிலமும் சொந்த மனையும் இல்லாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது, பெண்களுக்கு இடமில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தை அவர்கள் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் ஏரிக்கரை ஊரிலேயே இருக்க வேண்டும். கணக்கும் அந்த ஊருக்கே காட்ட வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் மிச்சம் கம்பெனி காலம்வரை இருந்தது. 1763-இல் ஆற்காட்டு நவாபு, சென்னையைச் சுற்றியிருந்த பெருநிலப்பரப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு அதை ஊர் ஊராக அளந்தார். கணக்குப்பிள்ளைகள் ஓலையில் வைத்திருந்த கணக்குகளும் அப்போது எடுக்கப்பட்டன. களத்தில் நெல்லை அளக்கும்போதே கோயிலுக்கு, வெட்டியானுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, ஏரி பராமரிப்புக்கு என்று பங்கு பிரிந்துவிடும் விவரம் அவற்றில் உண்டு. வரி என்ற பெயரில் வெளியே போவதற்கு முன்பே ஏரியின் பங்கு ஊரிலேயே நின்றுவிடும். வருவாய்க் கணக்கைக் கம்பெனி இறுக்க இறுக்க, இந்தப் பங்குகள் கரைந்தன. ஏரி மராமத்து பிறகு பொதுப்பணித் துறையின் கோப்பு ஆயிற்று.

புழலில் நகரத்தின் கண் முதலில் விழுந்தது தண்ணீர்மேல் அல்ல, கல்மேல். சென்னைச் சாலைகளுக்குச் செம்பூராங்கல் தேவைப்பட்டது. செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை இருப்புப்பாதை போட்டு 1837-இல் கல் ஏற்றினார்கள். பின்னாளில் கோதாவரி அணையால் பேர்பெற்ற ஆர்தர் காட்டன்தான் அதற்குப் பொறியாளர். பம்பாய்–தானே பயணிகள் ரயில் ஓடியது 1853-இல். அதற்குப் 16 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் தண்டவாளம் கிடந்தது. நம் பள்ளிப் பாடநூல்களில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கலாம்.

அடுத்து வந்தது தண்ணீர். கிணறுகளையும் குளங்களையும் நம்பியிருந்த சென்னைக்கு 1772 முதல் ஏழுகிணறு கொஞ்சம் கைகொடுத்தது. ஜனத்தொகைக்கு அது எந்த மூலைக்கு? 1866-இல் வில்லியம் ஃபிரேசர் என்ற பொறியாளர் ஒரு திட்டம் கொடுத்தார். தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றை மறித்து, நீரைச் சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து புழல் ஏரிக்குக் கொண்டுவருவது. புழலிலிருந்து திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கத்துக்கு விடுவது. ஏரி நகரத்தைவிட மேட்டில் இருப்பதால் தண்ணீர் தானாகவே ஓடி வரும். 1872-இல் ஓடியது. ஆனால் வழியெல்லாம் மாடு குளித்த, மழைச் சேறு கலந்த தண்ணீர் வடிகட்டாமலே குழாயில் வந்தது. மேட்லி என்ற பொறியாளரின் மேற்பார்வையில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையமும் மணல் வடிகட்டிகளும் மூடிய கால்வாயும் எழுந்து, 1914-இல்தான் நகரம் தெளிந்த தண்ணீர் குடித்தது. ஏரியில் நிற்கும் ‘ஜோன்ஸ் டவர்’ என்ற நீரெடுப்புக் கோபுரம் அந்தக் காலத்தின் அடையாளம்.

இப்போது ஏரியின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. முழு உயரம் 21.20 அடி. மழைக்காலத்தில் சென்னைக்காரர்கள் செய்தித்தாளில் தேடிப் படிக்கும் எண்கள் இவை. பூண்டி நீர்த்தேக்கம், 1983-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி வரும் கிருஷ்ணா நீர் என்று பிற்காலத்தில் சேர்ந்தவையும் புழலை நாடியே வந்தன. நாளொன்றுக்கு 30 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஏரிக்கரையில் இயங்குகிறது. 2019 கோடையில் ஏரி வறண்டபோது, முந்தைய ஆண்டின் நீலத்தையும் அந்த ஆண்டின் பழுப்பையும் அருகருகே காட்டிய செயற்கைக்கோள் படங்களை உலகமே பார்த்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த மாதங்களில் பேசப்பட்டதெல்லாம் சென்னையின் தாகம். ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களின் கிணறுகளில் நீர்மட்டம் எங்கே போனது என்று கேட்டவர்கள் குறைவு.

நகரம் தன் எல்லைக்குள் வேண்டாம் என்று நினைத்தவையும் இங்கே வந்தன. 1837-இல் தொடங்கிய சென்னை மத்திய சிறை, பூங்கா நகரிலிருந்து 2006-இல் 212 ஏக்கர் வளாகமாகப் புழலுக்கு மாறியது. அன்றிலிருந்து ‘புழலுக்கு அனுப்பிடுவேன்’ என்றால் எங்கே என்று விளக்க வேண்டியதில்லை. காவாங்கரையில் ஈழத்திலிருந்து வந்த நம் மக்கள் பல ஆண்டுகளாக முகாமில் வாழ்கிறார்கள். 2021-இல் அதன் பெயர் அகதிகள் முகாமிலிருந்து மறுவாழ்வு முகாமாக மாறியது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வாக்குரிமை மட்டும் இன்னும் வாய்க்கவில்லை. தங்கள் தெருவுக்கு யார் கவுன்சிலர் என்பதில் அவர்களுக்குச் சொல்லே இல்லை என்பது, உள்ளாட்சியைப் பற்றிப் பேசும்போது நாம் கடந்துபோகக் கூடாத செய்தி.

புழல் பேரூராட்சியாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த கதிர்வேடு, புத்தகரம், சூரப்பட்டு, வடபெரும்பாக்கம் ஆகியவை கிராம ஊராட்சிகள். 2011 அக்டோபரில் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருத்தது. புழலும் மேற்சொன்ன ஊர்களும் அதற்குள் போயின.

சேர்ந்ததில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பேரூராட்சியின் வருமானத்தில் பாதாளச் சாக்கடையை நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் நடந்த விதத்தைப் பாருங்கள். மாநகராட்சி சென்னை, மாவட்டமோ 2018 வரை திருவள்ளூர். குப்பை அள்ளவில்லை என்று ஓர் ஊரில் புகார், பட்டா மாற்ற வேறோர் ஊரில் மனு. மாவட்டம் சென்னையாகிவிட்ட பிறகும் நாடாளுமன்றத் தொகுதி திருவள்ளூர்தான். அதைவிடப் பெரிய குறை, 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 மார்ச் வரை சென்னைக்குக் கவுன்சிலர்களே இல்லை. புதிதாகச் சேர்ந்த பகுதிகள் மாநகராட்சியில் இருந்த முதல் பத்தாண்டில் பாதியை அதிகாரிகளின் ஆட்சியிலேயே கழித்தன. ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டுப் பழகிய புத்தகரத்துக்காரருக்கு, 1913 என்ற புகார் எண்தான் தலைவர்.

மாநகராட்சிக்கு வெளியே மிஞ்சிய துண்டு, புழல் ஊராட்சி ஒன்றியம். ஊரின் பெயரைத் தாங்கிய ஒன்றியத்துக்குள் ஊர் இல்லை. கிராண்ட்லைன், புள்ளிலைன், விளாங்காடுபாக்கம், தீர்த்தகிரியம்பட்டு, சென்றம்பாக்கம் என்று கைவிரலில் எண்ணிவிடக்கூடிய ஊராட்சிகள். திருவள்ளூர் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களில் மிகச் சிறியது. அங்கே கிராம சபை உண்டு, ஊரக வேலை உறுதித் திட்டம் உண்டு. ஒரு தெரு தள்ளி மாநகராட்சி எல்லைக்குள் இரண்டும் கிடையாது. வீட்டு மனைகளும் குடோன்களும் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, இங்கும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

இந்தக் கோடுகள் எவ்வளவு செயற்கையானவை என்பதை ஏரியின் உபரிநீர்க் கால்வாய் காட்டிவிடும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் 20 அடியைத் தாண்டி ஏறும்போது, விநாடிக்குச் சில நூறு கன அடி திறக்கப்படும் என்று அறிவிப்பு வரும். அபாயச் சங்கு ஊதும். மைக் கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வரும். எச்சரிக்கை பெறும் ஊர்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய இதே வரிசைதான்: நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம். நாரவாரிக்குப்பம் பேரூராட்சி, கிராண்ட்லைன் ஊராட்சி, புழலிலிருந்து கீழே மாநகராட்சி. கடைசியில் உபரிநீர் சடையான்குப்பம் அருகே கொசஸ்தலை ஆற்றில் விழுந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேரும். ஷட்டரைத் திறப்பது நீர்வளத் துறை. ஏரியிலிருந்து குடிநீர் எடுப்பது குடிநீர் வாரியம். கால்வாய் ஓரத்து ஆக்கிரமிப்பை அளப்பது வருவாய்த் துறை. தெருவில் ஏறிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைப்பது அந்தந்த உள்ளாட்சி. மேற்கே அம்பத்தூர், திருமுல்லைவாயில் பக்கத்திலிருந்து ஏரிக்குள் கழிவுநீர் வருகிறது என்று புகார் எழுந்தால், யாரைக் கேட்பது என்பதிலேயே பாதி நாள் போய்விடும். இத்தனை பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கரையோர மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஓர் அமைப்பு இன்றுவரை இல்லை.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் கவுண்டி கவுன்சில்களின் கீழ் இருந்த கிராமப் பாரிஷ்கள், 1967-இல் அந்தக் கவுன்சில்கள் கலைக்கப்பட்டதும் மாகாணத் தலைநகரின் நேரடிப் பொறுப்பில் போயின. பள்ளியும் மருத்துவமும் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில்தான் முதலமைச்சர் லூயி ரோபிஷோ அதைச் செய்தார். ஆனால் மாகாணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மக்கள், தாங்கள் தேர்ந்தெடுத்த உள்ளூர் அரசே இல்லாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள். 2023 ஜனவரியில்தான் 300-க்கு மேற்பட்ட உள்ளாட்சித் துண்டுகளை நூற்றுக்கும் கீழாகச் சேர்த்து, பல ஊர்களுக்குப் பொதுவான வேலைகளைப் பார்க்க 12 வட்டாரச் சேவை ஆணையங்களை வலுப்படுத்தினார்கள். அங்கும் எல்லோருக்கும் திருப்தி இல்லை. வரி கூடும் என்ற அச்சம் பலமாகவே எழுந்தது. ஆனால் ஊருக்கு ஊர் பிரிந்து செய்ய முடியாத வேலைக்கு ஊர்கள் சேர்ந்து உட்காரும் அவை தேவை என்பதை ஒப்புக்கொண்டார்கள்.

புழலுக்குத் தேவையும் அதுதான். புதிதாகக் கோட்டம் எதையும் உருவாக்கச் சொல்லவில்லை. ஏரியைத் தொடும் மாநகராட்சி வார்டுகள், நாரவாரிக்குப்பம், சுற்றியுள்ள ஊராட்சிகள், உபரிநீர்க் கால்வாயின் கீழ்ப்பகுதி வார்டுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகளோடு நீர்வளத் துறையும் குடிநீர் வாரியமும் உட்காரும் ஓர் ஏரிக் குழு. பருவமழைக்கு முன் கால்வாய் தூர்வாரிய கணக்கை அங்கே வைக்கட்டும். எந்த மட்டத்தில் எவ்வளவு திறப்பார்கள் என்பதை முன்கூட்டியே அங்கே சொல்லட்டும். நகரத்துக்குப் போகும் ஒவ்வொரு கன அடிக்கும் ஒரு சிறு தொகையை ஏரிக்கரை ஊர்களின் வடிகாலுக்கு என்று பிரித்து வைக்கட்டும். களத்து மேட்டில் ஏரிக்கென்று நெல் அளந்த மண்ணுக்கு இது புதிய யோசனை அல்ல.

இதற்கு ஒரு கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கிராமங்களில் கிராம சபை கூடியது. அதே நாளில் நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைகளும் கூடின. கிராண்ட்லைன் கிராம சபையும் வடபெரும்பாக்கம் பகுதி சபையும் உபரிநீர்க் கால்வாயைப் பற்றி ஒரே தீர்மானத்தை வைத்து நிறைவேற்றுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் அதைச் சேர்க்கச் சொல்லி, இரு பக்கத்துக்காரர்களும் இப்போதே மனு கொடுக்கலாம்.